பதினாறாம் லூயி பார்க்காத மேட்னி

உங்களில் யாருக்காவது பதினைந்தாம் லூயியைப் பற்றி ஒரு வரி சொல்லத் தெரியுமா? யோசித்துப் பாருங்கள். நம் வயதுக்கு இனி யாரும் மதிப்பெண் போடப் போவதில்லை, அதனால் பொய் சொல்ல வேண்டாம். பதினான்கு என்றால் பெரிய அரண்மனை கட்டியவர். பதினாறு என்றால் தலை போனவர். நடுவில் ஒரு மனிதர் அரை நூற்றாண்டுக்கு மேல் அரியணையில் உட்கார்ந்திருந்தார், அவரை ஒருவருக்கும் ஞாபகமில்லை. எனக்கு மட்டும் மறக்க வழியில்லை. ஒன்பதாம் வகுப்பில் பொங்கலிலிருந்து ஆண்டு விழா வரைக்கும் நான்தான் அவர்.

இத்தனை வருடம் கழித்து இதைக் கிளப்பிவிட்டவள் என் மகள். ஐ.டி. கம்பெனியில் நல்ல வேலையில்தான் இருக்கிறாள். ஆனால் கனடாவுக்குப் போக வேண்டுமாம், அதற்குப் பிரெஞ்சு தெரிந்தால் நல்லதாம். காட்டுப்பாக்கத்தில் எங்கள் ஃப்ளாட்டின் சாப்பாட்டு மேசையில் சனி ஞாயிறு தவறாமல் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மூக்கால் பேசிப் பழகுகிறாள். மொழியோடு சேர்த்து அந்த நாட்டு வரலாறும் கொஞ்சம் சொல்லிக் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது. போன மாதம் ஒரு நாள் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, “அம்மா, இந்த நாட்டுல எல்லாருக்கும் ஒரே பேரா? மூணு ஹென்றி சண்டை போட்டிருக்காங்க, அந்தச் சண்டைக்கே மூணு ஹென்றி சண்டைன்னு பேராம்” என்றாள்.

“யார் ஜெயிச்சாங்க?” என்றேன்.

“ஒருத்தர் ராஜாவா ஆனார். ஆனா மூணு பேருமே கடைசில கத்திக்குத்துல செத்திருக்காங்க.”

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஒரு நாட்டை ஆளத் தெரிந்தவர்களுக்குத் தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு வேறொரு பெயர் யோசிக்கத் தெரியவில்லை. ஹென்றிக்குப் பிள்ளை லூயி, லூயிக்குப் பிள்ளை லூயி, அலுத்துப்போனால் ஒரு சார்லஸ், ஒரு பிலிப். அப்புறம் லூயி பிலிப் என்று ஒருவர், அவருக்கு எண்கூடக் கிடையாது. யார் படிக்கப்போகிறார்கள், எந்தப் பிள்ளை வெயிலில் முட்டி போடப்போகிறது என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தார்களா?

சரி, அவர்களைத் திட்டி என்ன ஆகப்போகிறது. எங்கள் வகுப்பிலேயே நான்கு பேருக்கு ஒரே பெயர். அதை இங்கே எழுதப் போவதில்லை; எழுதினால் படிக்கிற உங்களில் பாதிப் பேர், யார் கூப்பிட்டது என்று திரும்பிப் பார்ப்பீர்கள். நாம் பிறந்த காலத்தில் பெண் குழந்தை என்றால் அந்தப் பெயர்தான். இனிஷியலை வைத்துப் பிரிக்கலாமே என்பீர்கள். நான்கில் மூன்று பேருக்கு ‘கே’. எங்கள் அப்பாக்களுக்குப் பெயர் வைத்தவர்களும் அதே மாதிரி ஆட்கள்தானே.

பள்ளி அம்பத்தூரில் இருந்தது. எங்கள் வகுப்புக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மாசி பிறந்தால் மதியத்துக்கு மேல் உள்ளே இருப்பதும் மூடிய இட்லிப் பானைக்குள் இருப்பதும் ஒன்று. தொழிற்பேட்டை எஸ்டேட் பக்கமிருந்து காற்று அடித்தால் சூடான இரும்பு வாசனையும் பெயிண்ட் வாசனையும் கலந்து வரும். என் அப்பா பக்கத்து ஊரான பாடியில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டினார். அவருடைய காக்கிச் சட்டையிலும் அதே வாசனை, கூடவே கட்டிங் ஆயில். அதனால் எனக்கு மட்டும் அது நாற்றமாகத் தெரியாது. சுவரில் ஓர் ஐரோப்பா வரைபடம் தொங்கும். துணி ஒட்டிய பழைய சுருள் படம். பிரான்ஸ் இருக்க வேண்டிய இடத்தைக் கரப்பான் தின்றிருந்தது. வரலாற்று டீச்சர் அந்த ஓட்டைக்குள் குச்சியை விட்டுத்தான் பிரெஞ்சுப் புரட்சி நடத்துவார்.

அவர் வில்லிவாக்கத்திலிருந்து ரயிலில் வருவார். வெயிலோ மழையோ கையில் கறுப்புக் குடை. தொண்டை எப்போதும் கட்டியிருக்கும். புதினா மிட்டாயை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டே பாடம் சொல்வார். ஒரு நாள் பதினாறாம் லூயி என்ன தவறு செய்தார் என்று கேட்டுவிட்டு எங்கள் பெயரைச் சொன்னார். நான்கு பேரும் எழுந்து நின்றோம்.

“உட்காருங்கடி. நான் கேட்டது ஒருத்திய.”

நான்கு பேரும் உட்கார்ந்தோம்.

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். மிட்டாய் இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குப் போனது. பிறகு குச்சியை எடுத்து வரிசையாக நீட்டினார். “நீ பதினாலு. நீ பதினஞ்சு. நீ பதினாறு.” கடைசி பெஞ்சில் இருந்த சின்னவளிடம் வந்ததும், “நீ பதினெட்டு. இனிமே இப்படித்தான் கூப்பிடுவேன்” என்றார்.

“பதினேழு ஏன் இல்ல டீச்சர்?” என்று பதினாறு கேட்டாள்.

“அது பத்து வயசுல சிறையில செத்துப்போன பையன். முடிசூட்டக்கூட இல்ல, நம்பரை மட்டும் குடுத்து வச்சிருக்காங்க. அந்த நம்பர் நமக்கு வேண்டாம்.”

இப்படித்தான் எங்களுக்கு எண் வந்தது. அடுத்த வாரமே மொத்தப் பள்ளியும் அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது.

பதினாலு ஒரு பெரிய கம்பெனி அதிகாரியின் மகள், குவார்ட்டர்ஸில் இருந்தாள். உயரம், நிறம், இஸ்திரி போட்ட தாவணி, சொந்த சைக்கிள். அவளுக்கு அந்த எண் பொருத்தமாகத்தான் இருந்தது. பதினெட்டின் அம்மா எஸ்டேட் வாசலில் இட்லிக் கடை வைத்திருந்தார். அவள் பேசியே யாரும் கேட்டதில்லை. பதினாறு அத்திப்பட்டுப் பக்கத்துப் பழைய குடும்பம். அவர்கள் நிலத்தில் பாதி எஸ்டேட்டுக்குப் போய்விட்டது, மீதியில் அவள் அப்பா கீரை போட்டார். விடியும்போது கீரை கட்டிவிட்டுத்தான் பள்ளிக்கு வருவாள், விரல்களில் பச்சை நிறமும் கொத்தமல்லி மணமும் போகவே போகாது. அவளுக்கு ஒரு குரல் இருந்தது. மைதானத்தின் அந்தக் கோடியில் நின்று சாதாரணமாகப் பேசினாலே இந்தக் கோடியில் கேட்கும். ஆண்டு விழாவுக்கு டீச்சர் பிரெஞ்சுப் புரட்சி நாடகம் எழுதியபோது, ராஜா யார் என்று யோசிக்கவே இல்லை. எண்ணும் பொருந்தியது, குரலும் பொருந்தியது.

பதினாலுக்கு ராணி வேடம். எனக்கு ஒன்றுமில்லை. பதினைந்தாம் லூயி நாடகம் தொடங்கும் முன்பே செத்துவிட்டாராம். நான் அழுது அடம்பிடித்ததில் பிலிப் என்று ஒரு வேடம் கிடைத்தது. அவர் ராஜாவின் சொந்தக்காரப் பிரபு. புரட்சிக்காரர்களுக்குப் பயந்து தன் பெயரையே ‘சமத்துவம்’ என்று மாற்றிக்கொண்டவர், ராஜாவைக் கொல்லவும் கை தூக்கியவர்.

“அப்புறம் அவர் தப்பிச்சாரா டீச்சர்?” என்றேன்.

“அவர் தலையும் போச்சு. அதே வருஷம்.”

இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று எனக்கு அப்போதே தோன்றியது.

ஒத்திகை ஆரம்பித்த சமயத்தில்தான் அந்த மேட்னி விவகாரம் வந்தது. பள்ளியில் மணி அடிக்கும் அண்ணன் ஒருவர் இருந்தார். அவர் ஒரு மத்தியானம் பாடியில் சினிமாக் கொட்டகை வாசலில் எங்கள் யூனிஃபாரம் தாவணியில் ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறார். முகத்தைப் பார்க்கவில்லை, பின்னலைத்தான் பார்த்தாராம். கூட வந்த பையன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது காதில் விழுந்திருக்கிறது. வந்து தலைமையாசிரியையிடம் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டார். வேலை நேரத்தில் அவர் அந்தக் கொட்டகை வாசலில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

தலைமையாசிரியை எப்படிக் கண்டுபிடித்தார் என்பதைக் கேளுங்கள். நான் இல்லை என்பது அவருக்கே தெரியும். அன்றைக்குப் பரீட்சைத் தாளில் பதினைந்தாம் லூயியின் தலையை வெட்டிவிட்டதற்காக நான் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். அவரே என்னை முறைத்துவிட்டுப் போயிருந்தார். பதினெட்டு, பார்த்தால் ஆறாம் வகுப்பு போல இருப்பாள். மிச்சம் இரண்டு பேர். இருவருமே அன்றைக்கு வரவில்லை. பதினாலுக்கு வயிற்றுவலி என்று வீட்டிலிருந்து டெலிபோன் வந்திருந்தது. பதினாறின் அப்பாவுக்குக் காய்ச்சல், கீரையை அவள்தான் மார்க்கெட்டில் போட்டாள். அவர்கள் வீட்டில் ஏது டெலிபோன்? டெலிபோன் வைத்திருந்தவள் நல்லவள் ஆகிவிட்டாள். அவ்வளவுதான் விசாரணை.

காய்ச்சல் விட்டதும் ஒரு நாள் காலை பதினாறின் அப்பா வழக்கம்போல் சைக்கிளில் கீரைக்கூடையோடு பள்ளி வாசலைத் தாண்டினார். நான் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியை அவரை நிறுத்தி நடுத்தெருவில் வைத்தே கேட்டார்.

“பொண்ணு எங்க போறா, யார்கூடப் போறான்னு பார்க்கிறதில்லையா நீங்க?”

“இன்னாம்மா சொல்றீங்க, புரியல.”

“பாடியில மேட்னி பார்க்கிறா உங்க பொண்ணு. ஒரு பையனோட. எங்க பள்ளிக்கூடத்துக்குன்னு ஒரு பேர் இருக்கு.”

 கூடையிலிருந்து தண்ணீர் அவர் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு சைக்கிளை வந்த வழியே திருப்பினார். கீரையைக்கூட விற்கப் போகவில்லை.

அன்றிலிருந்து பதினாறு பள்ளிக்கு வரவில்லை.

எங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செய்தி வந்தது. பதினெட்டு அவள் அம்மாவின் இட்லிக் கடையில் கேட்டுக்கொண்டு வந்து, வாயைத் திறந்து முதல்முறையாக ஒரு முழு வாக்கியம் பேசினாள். பதினாறுக்கு அவள் தாய்மாமனோடு கல்யாணம் பேசுகிறார்களாம். அந்த மாமா பாடியில் லேத் ஓட்டுகிறவர், என் அப்பா வேலை செய்த அதே ஷெட். எங்கள் வயதைப் போல இரண்டு மடங்கு அவர் வயது. அம்மாவின் தம்பி என்பதால் அவள் அம்மாதான் தீவிரமாக நின்றார். சொந்தத்துக்குள்ளேயே மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று கணக்கு.

ஒத்திகையில் ராஜா இல்லாமல் ராணி மட்டும் நின்றாள். அழ வேண்டிய காட்சிக்கு வெகு முன்பாகவே அழ ஆரம்பித்துவிட்டாள். டீச்சர் நன்றாக நடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். காரணத்தைப் பதினாலு சைக்கிள் ஸ்டாண்டில் வைத்து என்னிடம்தான் சொன்னாள்.

“நான்தான்டி போனேன். வயித்துவலின்னு அம்மா குரல்ல டெலிபோன் பண்ணினதும் நான்தான். அப்பா கம்பெனியில அப்ரண்டிஸ் பையன். ஒரே ஒரு தடவைதான். படம் பாதியிலயே பயந்து எந்திரிச்சு வந்துட்டேன்.”

“அதை எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? போய் அவங்ககிட்ட சொல்லு.”

சொன்னாள். அந்த அளவுக்கு அவளைப் பாராட்டத்தான் வேண்டும். நான் கதவுக்கு வெளியே நின்றேன். தலைமையாசிரியை மேசை இழுப்பறையைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு, “சரி, இதை வெளியில யார்கிட்டயும் சொல்லாதே. உங்க அப்பா பெரிய பொறுப்பில இருக்கார். பரீட்சைக்குப் படிக்கிற வழியைப் பாரு” என்றார். அவ்வளவுதான். பதினாறின் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பவில்லை. தவறாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை இல்லை. இத்தனைக்கும் அந்த மனிதர் தினமும் அந்த வாசலைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தார், தலையைக் குனிந்துகொண்டு.

எனக்குத் தாங்கவில்லை. வரலாற்று டீச்சரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் மிட்டாயைக் காகிதத்தில் துப்பி மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, “வாங்கடி” என்று குடையை விரித்தார். பள்ளி விட்டதும் பதினாலும் நானும் அவர் பின்னால் ஓடினோம். ஏரிக்கரையோரம் நல்ல தூரம் நடை. ரயிலைத் தவறவிடுவோம் என்ற கவலைகூட அவருக்கு இல்லை. புரட்சி நடத்தப் போகிறவர் மாதிரிதான் போனார்.

பதினாறின் வீட்டு வாசலில் அவள் அப்பா கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். டீச்சர் நின்ற இடத்திலேயே, தொண்டை கட்டியிருந்தும் தெருவே கேட்கும்படி சொன்னார்.

“உங்க பொண்ணு எங்கயும் போகல. அது வேற பொண்ணு. பேர் ஒண்ணா இருந்ததால வந்த குழப்பம். எனக்கு நல்லா தெரியும். நீங்க தைரியமா அவளை ஸ்கூலுக்கு அனுப்புங்க.”

அவர் கையைத் துண்டில் துடைத்தபடி டீச்சரையே பார்த்தார். “சரிம்மா” என்றார். அவ்வளவுதான். ஆனால் உள்ளேயிருந்து அவர் மனைவி ஓடி வந்தார். டீச்சர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், எங்களுக்கு மோர் கொடுத்தார். அவருக்குப் பின்னால் இருட்டில் பதினாறு நின்று இரண்டு கையையும் வேகமாக ஆட்டினாள். எங்களைப் பார்த்த மகிழ்ச்சி என்று நினைத்து நாங்களும் கையை ஆட்டினோம்.

அன்று மாலை என் அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தார். அம்மாவிடம் பேச்சுவாக்கில் சொன்னார். “எங்க ஷெட்ல லேத் ஓட்றானே ஒருத்தன், அக்கா பொண்ணக் கட்டிக்கப்போறான்னு சொன்னேனே. வேணாம்னுட்டானாம். பொண்ணு சினிமாவுக்குப் போனது காதுல விழுந்துடுச்சு. பொண்ணோட அப்பன், சரி போ, ஸ்கூலுக்கே அனுப்பிடறேன்னு சொல்லிட்டாராம். வர்ற வாரத்துலேர்ந்து.”

நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன்.

உங்களுக்குப் புரிகிறதா? அந்த வதந்தியால் அவளுக்குக் கல்யாணம் வந்தது. அதே வதந்தியால் கல்யாணம் நின்றும் போனது. சும்மா இருந்திருந்தால் அடுத்த வாரம் அவள் வகுப்பில் உட்கார்ந்திருப்பாள். குடையை விரித்துக்கொண்டு போய், அவள் உத்தமி என்று ஊருக்கே சொல்லிவிட்டு, மோர் குடித்துவிட்டு வந்திருக்கிறோம். வர வேண்டாம், பேச வேண்டாம், போய்விடுங்கள் என்றுதான் அவள் கையை ஆட்டியிருக்கிறாள். இன்றைக்கு நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பதினாலின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்துகொண்டு மறுபடி போனேன். என்ன செய்யப்போகிறோம் என்று தெரியாது. மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தோமோ என்னவோ. போனால் வாசலில் செருப்புகள். உள்ளே பாய் விரித்து, நடுவில் வெற்றிலைத் தட்டு, பூ, ஒரு சீப்பு வாழைப்பழம். மாமா புதுச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் பெரியப்பா முறையில் ஒருவர். பதினாறின் அம்மா எங்களைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“அக்கா வந்து வெவரமா சொல்லிச்சி,” என்றார் மாமா. “அது வேற ஏதோ பொண்ணாமே. அதான் வந்தேன். எம்மனசுல ஒண்ணும் இல்ல.”

“பேரு ஒண்ணா கீதுன்னு யாரோ சொன்னதுக்கு நீ கோச்சிகினு போயிட்டியேடா,” என்று பதினாறின் அம்மா தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

அப்போது உள்ளறைக் கதவைத் திறந்துகொண்டு பதினாறு வந்தாள். வீட்டில் கட்டுகிற பழைய பாவாடை. தலைகூட வாரவில்லை.

“மாமா, வேற பொண்ணுன்னு யாரு சொன்னது?” அவள் கத்தவில்லை. அந்தக் குரலுக்குக் கத்த வேண்டிய தேவையே கிடையாது. “நான்தான் போனேன். பாடில. மேட்னி ஷோ. படம் கூட நல்லால்ல.”

 வெளியே தெருவில் போய்க்கொண்டிருந்த ஒருத்தி நின்று எட்டிப் பார்த்தாள். என் பக்கத்தில் பதினாலு வாயைத் திறந்தாள். அவள் முழங்கைக்கு மேலே என் நகம் இறங்கும் வரை கிள்ளினேன். மூடிக்கொண்டாள்.

“பொய் சொல்றாடா,” என்றார் அவள் அம்மா. “டீச்சரே ஊட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போனாங்க. இவருகிட்டதான் சொன்னாங்க. யோவ், சொல்லு. டீச்சர் இன்னா சொன்னாங்க?”

எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் கதவோரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாழைநாரைக் கிழித்துக் கிழித்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை.

“டீச்சர் ஆயிரம் சொல்லுவாங்க,” என்றார். “பொண்ணே தன் வாயால சொல்றா. அப்பால நான் இன்னாத்த சொல்றது.”

மாமா எழுந்தார். பெரியப்பா தட்டைக் குனிந்து எடுத்துக்கொண்டார், பழத்தையும் விடவில்லை. அவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டு போன பிறகு பதினாறின் அம்மா துடைப்பத்தை எடுத்தார். நாங்கள் சைக்கிளை நோக்கி ஓடினோம். தெரு முனை வரைக்கும் அந்தச் சத்தம் கேட்டது. பதினாறு அழுத சத்தம் மட்டும் கேட்கவில்லை.

அந்த வாரமே அவள் பள்ளிக்கு வந்தாள். தலைமையாசிரியையால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. சொன்னால் உண்மையில் போனவள் யார் என்ற பேச்சு வரும். தலைமையாசிரியை அறையில் பதினாலு போனாள், பதினாறு போகவில்லை. ஊரில் பதினாறுதான் போனாள். எந்த இடத்தில் எதைச் சொல்ல வேண்டும் என்று நாங்கள் நான்கு பேரும் மனப்பாடம் பண்ணி வைத்திருந்தோம். லூயிகளைவிட அது கஷ்டமாக இருந்தது.

நாடகம் நடந்தது. பிஸ்கட் டப்பாவின் ஜிகினாத் தாள் ஒட்டிய அட்டைக் கிரீடம், ஒட்டுப்பலகையில் செய்த வெட்டுமரம். பதினாறு தலை நிமிர்ந்து பேசிய வசனம் மைக் அணைந்துபோயும் பள்ளி வாசலைத் தாண்டியும் கேட்டது. வாசலுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அவள் அப்பா நின்றார். வெட்டுமரத்தில் அவள் தலையை வைத்த உடனே கிளம்பிப் போய்விட்டார். பெற்ற மகளை நம்பாத மனிதர், நாடகத்தையாவது முழுக்கப் பார்க்கக் கூடாதா என்று நாங்கள் வேடத்தோடு நின்று அவர் முதுகைத் திட்டினோம். ஊரில் நாலு பேர் எதிரே அவர் அவளோடு பேசுவதே இல்லை என்று பதினெட்டு சொன்னாள். அவர் எங்கள் தெருவுக்குக் கீரை கொண்டுவந்தால் அம்மா வாங்குவார். நான் அந்தக் கீரையைத் தொட மாட்டேன். பிறகு பல வருடங்கள், எங்கே பார்த்தாலும் அவரைத் தெரியாதவள் போலத்தான் போயிருக்கிறேன். என் கல்யாணத்துக்கு வந்தவரை ‘வாங்க’ என்றுகூட நான் கூப்பிடவில்லை.

பதினாறு பள்ளிப் படிப்பை முடித்தாள். எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்து தரம் பார்க்கிற பிரிவுக்கே தலைமையாக ஆனாள். தனக்குப் பிடித்தவரைத் தனக்குத் தோன்றிய வயதில் கட்டிக்கொண்டு நசரத்பேட்டையில் வீடு கட்டினாள். அவள் அம்மா போன பிறகு அப்பா அவளோடுதான் இருந்தார். நம்பாத மனிதரைக் கடைசி வரை வைத்துக் கஞ்சி ஊற்றுகிறாளே என்று எனக்கு ஆச்சரியமாகவும் கோபமாகவும் இருக்கும்.

சில வாரங்களுக்கு முன்னால் அவர் இறந்துபோனார். துக்கம் கேட்க நான் போனேன். நெடுஞ்சாலையில் லாரிகள் போகிற இரைச்சலில் அவள் வீட்டு ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்துகொண்டே இருந்தன. காபி கொடுத்தாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“ஒரு தடவையாவது அவர் உன்னை நம்பியிருக்கலாம்டி,” என்றேன்.

“யாரு?”

“உங்க அப்பாதான். டீச்சர் அவர்கிட்டதானே சொன்னாங்க. எல்லார் எதிரிலயும் உன்னை விட்டுக் குடுத்துட்டாரே.”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் ஏதோ ஒரு லூயிக்கு எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டதைப் போல.

“டீச்சர் சொன்னத அவரு அப்படியே நம்பினாருடி. அன்னிக்கே தெரியும் அவருக்கு. தெரிஞ்சிகினுதான் சொன்னாரு, பொண்ணே சொல்றான்னு. நான் பொய் சொல்றேன்னு அந்த ரூம்ல அவரு ஒருத்தருக்குத்தான் நிச்சயமா தெரியும். எங்கம்மாவுக்குக் கூட சந்தேகந்தான்.”

நான் காபியைக் கீழே வைத்துவிட்டேன். இத்தனை வருடம். அந்த மனிதர் என் கல்யாணத்தில் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனது ஞாபகம் வந்தது. எரிச்சலில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“இதை ஏன்டி இவ்வளவு நாளா எங்கிட்ட சொல்லல?”

“நீ கேக்கவே இல்லியே.”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அவளே மேலே சொன்னாள்.

“மறுநாள் விடிகாத்தால ரெண்டு பேரும் கீரை கட்டிகினு இருந்தோம். ஒடம்பெல்லாம் வலி எனக்கு. அவரு ஒண்ணும் பேசல. கொஞ்ச நேரம் கழிச்சி, ‘படம் நல்லால்லன்னியே, இன்னா படம்?’னாரு. எனக்குப் படத்தோட பேரே தெரியலடி. முழிச்சிகினு நின்னேன். அவரு சிரிக்கல, திட்டல. கட்ன கீரையக் கூடையில வெச்சிகினே, ‘சரி, போய் மூஞ்சியக் கழுவு. ஸ்கூலுக்கு நேரமாவுது’ன்னாரு.”